பெயர் வந்துகொண்டிருக்கிறது

முதலில் கொம்பு மட்டும் வந்தது. கொம்புக்கு ஒரு தங்க விளிம்பு, அதற்கு வெளியே ஒரு ரோஸ் விளிம்பு, அதற்கும் வெளியே ஒரு வெள்ளை, பிறகு நிழல், நிழலுக்கு மேலே பொடிப்பொடியாக மினுமினுப்பு. இத்தனையும் வந்து அமர்ந்த பிறகுதான் ச எட்டிப் பார்த்தது. தவசிமுத்து மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். கை பட்டால் போச்சு, சனியன் பிடிச்ச சிஸ்டம் மறுபடியும் கொம்பிலிருந்து வரைய ஆரம்பிக்கும். இருபத்திரண்டு வருஷமாக சாத்தூரில் இந்த டிசைன் வேலையிலேயே கிடக்கிற மனுஷனுக்கு இது தெரியாதா? எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை கட்சிக்காரன் பிறந்தநாள். பெயர் ஒன்று முழுசாகத் திரைக்கு வர இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிற ஃபைல் இந்தக் கடையில் இது ஒன்றுதான். "என்னத்தான், இன்னுமா?" என்றான் பின்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த சண்முகையா. மனைவியின் தம்பி. வந்து உட்கார்ந்ததிலிருந்து காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான், அந்த ஆட்டம் மேசைக்கு வந்து, மேசையிலிருந்து கீபோர்டுக்கு வந்து, தவசிமுத்துவின் விரல்நுனி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. "ஸ்லோவா இருக்கு மாப்ள. எழுத்துல வேலைப்பாடு ஜாஸ்தி" என்றார். இதையே மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். பொய் இல்லை. ஆனால் ஒரு சாவியைத் தட்டினால் இரண்டு நிமிஷத்தில் இந்தச் சீக்கு தீர்ந்துவிடும் என்பதை மட்டும் மூன்று தடவையும் சொல்லவில்லை.

செண்பகவல்லி. அதுதான் வந்துகொண்டிருக்கிற பெயர். அவருடைய ஒரே மகள். கோவில்பட்டி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவள், அதனால் அந்தப் பெயர், வீட்டில் பாப்பா. இருபத்து மூன்று வயசுப் பாப்பா. பதினைந்து நாளைக்கு முன்னால் கூட வேலை பார்த்த பையனோடு போய், பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோயம்புத்தூர்ப் பக்கம் எங்கேயோ குடித்தனம் நடத்துகிறாள். பையன் வேற சாதி. உயிரோடு இருக்கிறாள், மூன்று மணி ஆகிறது, இந்நேரம் மத்தியானச் சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத்தான் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ். நாளை பதினாறாம் நாள். செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரியே செய்து தலைமுழுகிவிட வேண்டும், பஸ் ஸ்டாண்டு முக்கில் ஃபிளக்ஸ் நிற்க வேண்டும், பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று சண்முகையா சொன்னான், சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். தவசிமுத்து தலையாட்டினாரா? ஆட்டவில்லை என்றுதான் நினைக்கிறார். ஆனால் சும்மா இருந்த தலையையும் ஆட்டின தலையாகவே எடுத்துக்கொண்டார்கள். நாலரைக்குள் மெயிலில் அனுப்பினால்தான் பிரிண்டிங் யூனிட்டில் இன்று ராத்திரி ஓட்டித் தருவார்கள். அதோ ண் வருகிறது. சுழிக்குள் சுழி, ஒவ்வொரு சுழிக்கும் தங்க விளிம்பு. இரண்டு சுழிக்கு மேல் மூன்றாவது சுழியில் வந்து நின்றுகொண்டு, போகவா வேண்டாமா என்று யோசித்தது. நீயாவது யோசிக்கிறாயே, யோசி, யோசி என்று அவர் மனசுக்குள் சொன்னார்.

புதுசாக ஒரு பக்கத்தைத் திறந்து பெயரைத் தட்டெழுதி ஃபோட்டோவை வைத்தால் அரைமணி நேர வேலை. சண்முகையா ஒத்துக்கொள்ளவில்லை. "அன்னைக்கு அவ மஞ்ச நீராட்டுக்கு நான் வச்சேன்ல ஒரு போர்டு, அதே போர்டு, அதே எழுத்து. பூவ எடுத்துட்டு மாலையப் போடுங்க. ஊரறிய நான் தூக்கி வச்ச பேரு, ஊரறிய நானே எறக்குறேன்" என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, இந்தத் தொழிலிலேயே யார் புதுப் பக்கத்தில் ஆரம்பிக்கிறார்கள்? பழைய ஃபைலைத் திற, பெயரை மாற்று, ஃபோட்டோவை மாற்று, வேறு பெயரில் சேமி. ஒரு வீட்டுக் கல்யாணப் பந்தலின் வாழைமரம்தான் இன்னொரு வீட்டுக் காதுகுத்திலும் நிற்கும். யார் கண்டது? பத்து வருஷத்துக்கு முந்தைய ஃபைல். பாப்பாவுக்குப் பதிமூன்று வயசு. பதினாறு நாள் தனியாக உட்கார வைத்திருந்தார்கள், சமையல்கட்டுக்குப் பின்னால், தனித்தட்டு, தனிப்பாய், ஒரு ஜன்னல். அப்பா கூட எட்டி நின்றுதான் பேச வேண்டும் என்று மாரி, சந்தனமாரி, அவர் வீட்டுக்காரி, கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் பிள்ளை முகம் சுண்டிப்போய், "போர் அடிக்குதுப்பா, எனக்கு என்ன நோவா வந்திருக்கு" என்று கேட்டது. இவர் என்ன செய்தார்? கடையிலிருந்த சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கரண்டு பாக்ஸை ஜன்னல் வழியாக இழுத்து, அவள் பாயிலேயே வைத்துவிட்டு, வீட்டில் வேலை பார்க்கிறேன் என்று மாரியிடம் கதை விட்டார். தீட்டுப் பட்ட கை மௌஸைத் தொட்டது. "உம் போர்டுக்கு நீயே பேரு செய்" என்றார். அடேயப்பா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. தங்கம் வைக்கவா, ரோஸ் வைக்கவா, ரெண்டும் வைக்கவா. நிழல் போடவா. மினுமினுப்புப் போடவா. போடு, போடு, உனக்கு இல்லாததா. ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்தாறு வேலைப்பாடு ஏறி, அன்றைக்கே சிஸ்டம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. "பாப்பா, இது பேரா, பொருட்காட்சியா?" என்று கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வெளியே கேட்டுவிடக்கூடாதே என்று.

ப வந்துவிட்டது. நல்லவேளை, ப லேசான எழுத்து, மூன்று கோடு. அதற்கே விளிம்பு எல்லாம் வருவதற்குள் பக்கத்துக் கடையில் சேவு பொரிக்கிற எண்ணெய் வாடை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனது. பாப்பாவுக்கு அந்தக் கடைச் சூட்டுச் சேவு என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கேதான் வருவாள், எண்ணெய்க் கையோடு கீபோர்டைத் தொடுவாள், இவர் கத்துவார். கீபோர்டில் ப சாவி இன்றைக்கும் கொஞ்சம் ஒட்டும். ஒட்டட்டும். "அத்தான், போட்டோ மெயில்ல வந்துருச்சா பாருங்க, நான் அனுப்புனது" என்றான் சண்முகையா. வந்திருந்தது. அவன் மகளின் காதுகுத்தில் எடுத்த படம், பாப்பா பச்சைப் பட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் தோள் மேல் யாருடைய கையோ, கையை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். வெட்டுவது. இதில் அவருக்கு ஒரு பழைய பயம் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. ஏழெட்டு வருஷம் இருக்கும், ஒரு வீட்டுக்காரர்கள் குடும்பப் படம் ஒன்றைக் கொடுத்து, பெரியவர் தவறிவிட்டார், வெட்டிப் போடுங்கள் என்றார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மீசை, ஒரே சால்வை. இவர் தம்பியை வெட்டிப் போட்டுவிட்டார். ஃபிளக்ஸ் ஏறி, சாவு வீட்டு வாசலிலேயே ஏறி, அதைப் பார்த்துவிட்டு அந்த உயிரோடு இருந்த தாத்தா மறுநாள் கடைக்கே வந்தார். சண்டை போடவில்லை. "என்ன தம்பி, எனக்கு முன்னக்கூட்டியே டிக்கெட் போட்டுட்டீங்களே" என்று சிரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தார், போனார். நாற்பதாவது நாள் அவருக்கும் இவரேதான் போர்டு செய்தார், படம்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தது. எண்பத்திரண்டு வயசு, போகிற வயசுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். இவரும் சொல்லிக்கொண்டார். ஆனாலும் அதற்கப்புறம் கண்ணீர் அஞ்சலி செய்தால் கடைப் பெயரையும் போன் நம்பரையும் கீழே போடுவதை விட்டுவிட்டார், தோற்றம் போட்டு, மறைவு தேதியை எல்லாவற்றுக்கும் கடைசியில், சேமிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் போடுவார். இன்றைக்கு அந்த நிமிஷம் வரும். பாப்பாவின் பெயருக்குக் கீழே மறைவு என்று தட்டெழுத வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு தேதி. முருகா, கை எழுதினது பலிக்குமா? பலிக்காது, பலிக்காது, அது கிழவர், எண்பத்திரண்டு வயசு.

க வருகிறது. "என்ன தேதி போடணும் மாப்ள?" என்று அவர் கேட்டார், கேட்க நினைக்கவே இல்லை, வாய் தானாகக் கேட்டது. ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. "போன தேதிதான். அன்னைக்குத்தான செத்தா" என்றான் சண்முகையா. குரல் கம்மியிருந்தது. அவனும் தூங்கவில்லை, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகக் கிடக்கிறது. அவனுக்கும் வலிதான், யார் இல்லை என்றார்கள்? மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் என்று ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி மேளம், குதிரை, இருபத்தொரு தட்டு என்று கொண்டுவந்து இறக்கினவன். தாய்மாமனுக்குத்தான் அந்த போர்டில் இடம். பாதிக்கு அவன் முகம், கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலி. மீதிப் பாதியில் பாப்பா. பெற்ற தகப்பனுக்கு இடமே இல்லை. அதுதான் வழக்கம், அதில் இவருக்கு வருத்தமும் இல்லை, டிசைன் செய்தவர் என்று கீழே மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன. பிள்ளைதான் கேட்டது. "ஒம் போட்டோ எங்கப்பா?" அப்பா நம்பர் கீழே இருக்குல்ல என்றார். "நம்பர்லாம் அப்பா ஆயிருமா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். மாமா முகத்தைக் கொஞ்சம் சின்னதாக்கு என்றாள். ஐயையோ, உன் மாமன் ஆடித் தீர்த்துவிடுவான் என்று இவர் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்தபோது பிள்ளை ஒன்றும் தெரியாத மாதிரி பாயில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அவளுடைய பிறந்தநாள் வந்தால் இந்த ஃபைலைத் திறந்து காட்டுவார், இது வந்துசேர்வதற்குள் நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன், உன் ரசனையால் என் சிஸ்டம் படுத்த படுக்கை ஆகிவிட்டது என்று கிண்டலடிப்பார். "அதுல ஒரு விஷயம் இருக்கு, ஒனக்குத்தான் தெரியல. தேடிப் பாரேன்" என்பாள். என்னத்தைத் தேடுவது? வேலைப்பாடு ஜாஸ்தி, அவ்வளவுதான். இவர் தேடவில்லை. அடுத்த ஆள் கல்யாணப் பத்திரிகைக்கு நின்றுகொண்டிருப்பான்.

அன்றைக்கும் அப்படித்தான், அவளை ஒரு வார்த்தை கேட்காமலேயே விட்டார். வீட்டை விட்டுப் போன இரண்டாம் நாள் அவள் போன் பண்ணினாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சண்முகையா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தான். "அப்பா, சாப்ட்டியாப்பா?" என்றுதான் கேட்டாள். முதல் கேள்வியே அதுதான். எட்டு முகம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தது, மாரி சுவரோடு சாய்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடலடா என்று சொல்ல வந்த வாய், "எனக்குப் பொண்ணே இல்ல. எம்பொண்ணு செத்துட்டா. இனிமே இந்த நம்பருக்குப் பேசாத" என்று சொன்னது. சொல்லி முடித்ததும் யாரோ ஒருத்தர், சபாஷ் என்கிற மாதிரி, அவர் முதுகில் கையை வைத்தார். அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்கிறது, குளித்தால் கூடப் போகவில்லை. போனில் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது, எந்த ஊர் வண்டிகளோ. அப்புறம், "சரிப்பா" என்றாள். வைத்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை, கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா என்றால் சொல்வாளே, அதே சரிப்பா. ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா பாவி மக. நீயும் ஒரு அப்பனா என்று கேட்டிருக்கக் கூடாதா. வ வந்து, ல் வந்து, புள்ளி வருவதற்குள் கடையின் ஃபேன் நின்று, மறுபடி ஓடியது. பேட்டரி இருக்கிறது, சிஸ்டம் அணையவில்லை. அணைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நினைத்தார். நினைத்துவிட்டு, அணைந்தால் நாளைக்கு மறுபடி திறக்க வேண்டும் என்று நினைத்தார்.

சண்முகையா பொறுமை இழந்துவிட்டான். யூனிட்காரருக்கே போனைப் போட்டு, இவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் ஸ்பீக்கர்தான். "அண்ணாச்சி, சிஸ்டம் அசைய மாட்டேங்குதாம். பேருல என்னமோ வேலைப்பாடாம்." "அதுக்கு என்னங்க, வயர்ஃபிரேம்ல போடச் சொல்லுங்க, வெறுங்கோடு மட்டும் நிக்கும், வேகமா ஓடும். அடியில தேவையில்லாதது எதாச்சும் ஒளிஞ்சு கெடக்கும், தூக்கி எறியச் சொல்லுங்க. நிழலு மினுமினுப்பெல்லாம் எடுத்துட்டு மிச்சத்தப் படமா மாத்தச் சொல்லுங்க. தவசிமுத்து அண்ணனுக்குத் தெரியாததா?" என்றது போன். முதுகுக்குப் பின்னால் சண்முகையா பார்ப்பது தெரிந்தது. தெரியும். எல்லாம் தெரியும். ஆயிரம் ஃபைலுக்குச் செய்த வைத்தியம். ஆனால் வயர்ஃபிரேம் என்றால் பூவும் தங்கமும் போய் எழுத்தெல்லாம் எலும்பாகத் தெரியும், அதுதான், அந்தப் பெயரை எலும்பாகப் பார்க்க அவருக்குத் திராணி இல்லை, அதைச் சண்முகையாவிடம் எப்படிச் சொல்வது? "மறந்தே போனேன் மாப்ள" என்றார். மெனுவைத் திறந்தார். சாவியைத் தட்டினார். தட்டின வேகத்தில் தங்கம் போனது, ரோஸ் போனது, நிழல் போனது, கறுப்புக் கண்ணாடி மாமன் ஒரு கட்டமாக ஆனான், திரை முழுக்க வெள்ளை, அதில் மெல்லிசாகக் கோடுகள். ஏழு எழுத்து. எழுத்துகளுக்கு அடியில், ஒவ்வொரு எழுத்தின் வயிற்றுக்குள்ளேயும், சின்னச் சின்னதாக என்னமோ மொய்த்துக்கொண்டிருந்தது.

கொசு அடித்து ஒட்டின மாதிரி இருந்தது. பழைய குப்பை, யாருடைய பூவோ காப்பி ஆகிக் கிடக்கிறது என்று நினைத்துப் பெரிதாக்கினார். படம் மளமளவென்று பெரிதானது, இப்போது வேகத்துக்குக் கேட்பானேன். ப எழுத்தின் உள்ளே, மூன்று கோட்டுக்கு நடுவே, சாதாரண எழுத்தில், அப்பா. அதற்குக் கீழே அப்பா. பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்து அப்பா. க வயிற்றுக்குள் அப்பா, அப்பா, அப்பா. ண் சுழி ஒவ்வொன்றிலும் ஒன்று, லி கொக்கிக்குள் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நாலு. ஒன்றைத் தொட்டு, இதே மாதிரி எல்லாவற்றையும் பிடி என்று சிஸ்டத்துக்குச் சொன்னார், கீழே சின்ன எழுத்தில் சிஸ்டம் எண்ணிச் சொன்னது, அறுபத்தொன்று. ஏன் அறுபத்தொன்று என்று அவருக்கு விளங்கவில்லை, ஒன்றும் கணக்கு இருக்காது, இவர் குளித்துவிட்டு வருகிற வரைக்கும் பிள்ளை காப்பி அடித்துக்கொண்டே இருந்திருக்கும், தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் விட்டிருக்கும். அதோடு விட்டாளா? தன் பெயருக்குப் போட்ட அத்தனையையும் இதற்கும் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு அப்பாவுக்கும் தங்க விளிம்பு, ரோஸ் விளிம்பு, நிழல், மினுமினுப்பு. போட்டு, தன் பெயரைத் தூக்கி மேலே வைத்து மூடியிருக்கிறாள். இந்த அறுபத்தொன்றையும் முதலில் அடியில் கண்ணுக்குக் காட்டாமல் வரைந்து முடித்துவிட்டுத்தான் சிஸ்டம் இத்தனை வருஷமும் மேலே அவள் பெயருக்கு வந்திருக்கிறது. அதுதான் ஸ்லோ. டீ குடித்துவிட்டு வருவேன் என்று கிண்டலடித்தாரே, அந்த நேரம் முழுக்க அது அவரைத்தான் வரைந்துகொண்டிருந்திருக்கிறது. தேடிப் பாரேன், தேடிப் பாரேன் என்றாளே. அட மடையா, அட கூறுகெட்டவனே. மஞ்சள் நீராட்டு போர்டில் பஸ் ஸ்டாண்டு முக்கில் மூன்று நாள் நின்றிருக்கிறார், யாருக்கும் தெரியாமல், பிள்ளையின் பெயருக்குள்ளேயே நின்றிருக்கிறார்.

"என்னத்தான் அது, குப்பையா?" என்று சண்முகையா எழுந்து வந்து குனிந்தான். கண்ணாடி போடாமல் அவனுக்குச் சின்ன எழுத்து தெரியாது. "ஆமா மாப்ள. அடியில கெடந்துருக்கு." "அப்ப தூக்கிக் கடாசுங்க. மணி மூணே முக்கால்." அறுபத்தொன்றும் பிடிபட்டு நின்றன. ஒரே சாவி. இவருடைய நடுவிரல் அந்தச் சாவி மேலேயே கிடந்தது, வேலை பார்க்கிற விரல், இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை யோசிக்காமல் அமுக்கின சாவி. சாகடித்தாயிற்று, வாயால் சாகடித்தாயிற்று, இனி இதில் என்ன இருக்கிறது என்றது ஒரு மனசு. விரல் எழுந்துகொண்டது. "இத நான் அடிக்கல மாப்ள" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. சண்முகையாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. "நீங்கதானத்தான் சொன்னீங்க, செத்துட்டான்னு? நாங்களா சொன்னோம்? எட்டுப் பேரு முன்னாடி நீங்கதான சொன்னீங்க?" "நான்தான் சொன்னேன்." "அப்ப?" "வாய் சொல்லிருச்சு. கை வர மாட்டேங்குது." "நாளைக்குச் சொந்தபந்தம் பூரா வருது. அக்காட்ட நான் என்னன்னு சொல்றது?" "நான் சொல்லிக்கிறேன்." "என்னத்தச் சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டு அவன் நின்றான். "நீங்க அடிக்கலைன்னா ஊர்ல கடையே இல்லையா? எதுத்தாப்புல குடுத்தா பத்து நிமிஷத்துல அடிச்சுத் தரப்போறான்" என்று சேரைத் தள்ளிவிட்டு வாசல் வரைக்கும் போனான். அங்கே நின்று திரும்பித் திரையைப் பார்த்தான். தூரத்திலிருந்து அந்தக் கோடுகளில் பெயர் மட்டும்தான் தெரிந்திருக்கும். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். தவசிமுத்து ஓடிப்போய் அவன் கையைப் பிடித்திருக்கலாம். மாப்ள, வேண்டாம், என் பிள்ளை, காலில் விழுகிறேன் என்றிருக்கலாம். எழுந்திருக்கப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தபடியே இருந்துவிட்டார். ஃபிளக்ஸ் நாளைக்கு நிற்கத்தான் போகிறது. ஃபோட்டோ அவன் போனிலேயே இருக்கிறது.

போனை எடுத்தார். நம்பரை அன்றைக்கே சண்முகையா முன்னால் அழித்துவிட்டார், அழித்து என்ன? அப்பாவும் மகளும் ஒரே நாளில் வாங்கின சிம், கடைசி எண் மட்டும்தான் வேறு, இவருக்கு நாலு, அவளுக்கு ஐந்து. தன் நம்பரையே அடித்துக் கடைசியில் ஐந்து போட்டார். என்ன சொல்வது? சாப்ட்டியா என்று கேட்கலாம். அவள் கேட்டதற்கே பதில் சொல்லவில்லை, சாப்பிடலடா என்று அதை முதலில் சொல்லலாம். நாளைக்கு யாராவது எதையாவது அனுப்புவார்கள், பார்க்காதே, அதை அப்பா செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். இல்லை, முதலில் இதைச் சொல்ல வேண்டும். நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை என்றாள் ஒரு பெண், தமிழில் சொல்லி, அப்புறம் இங்கிலீஷில் சொன்னாள். இனிமேல் இந்த நம்பருக்குப் பேசாதே என்றுதானே சொன்னார். சரிப்பா என்றாளே. சொன்னால் சொன்னபடி கேட்கிற பிள்ளை. நம்பரையே தூக்கிப் போட்டுவிட்டாள். அந்தப் பெண் மறுபடி தமிழுக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி இருந்தது. "பாப்பா, கண்டுபிடிச்சுட்டேன்டா" என்றார். அந்தப் பெண் தமிழில் ஆரம்பித்தாள். போன் தானாகக் கட் ஆனது.

வயர்ஃபிரேமை எடுத்துவிட்டு மறுபடி பழையபடியே வைத்தார். திரை வெள்ளையாயிற்று. ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை, இப்போது தெரியும் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்க்கடை ஷட்டருக்குள் டியூப்லைட் எரிந்தது, சண்முகையாவின் முதுகு தெரிந்தது, அங்கே இந்நேரம் சாதாரண எழுத்தில் பெயரை ஒரே தட்டாகத் தட்டி முடித்திருப்பார்கள். பிறகு இங்கே கொம்பு வந்தது. கொம்புக்குத் தங்க விளிம்பு, அப்புறம் ரோஸ். கை பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். தவசிமுத்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெயர் முழுசாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.